ஐந்து மருந்து, ஒரு குப்பி

எங்கள் ஊர்ப் பக்கம் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் முற்றி, கண் செருகி, கை கால் இழுத்துக்கொண்டால் அதற்குச் சொல்லும் பெயர்கள் பல. ஜன்னி கண்டுவிட்டது என்பார்கள். மாந்தம் என்பார்கள். தோஷம் பட்டுவிட்டது, சீர் தட்டிவிட்டது என்றும் சொல்வார்கள். முதல் இரண்டும் நாட்டு வைத்தியத்திலிருந்து வந்த சொற்கள், குழந்தையின் உடலைப் பற்றிப் பேசுபவை. பின் இரண்டும் பெண்ணைப் பற்றிப் பேசுபவை. தீட்டோடு இருந்தவளின் நிழல் விழுந்தது, தலைக்கு ஊற்றாமல் வந்து தூக்கினாள், பிள்ளை இல்லாதவள் ஏக்கத்தோடு பார்த்தாள் என்று காரணம் ஏதோ ஒரு பெண்ணிடம் போய் நிற்கும். வெளியில் ஒருத்தியும் அகப்படாவிட்டால் இருக்கவே இருக்கிறாள் பெற்றவள். மாங்காய் தின்றுவிட்டுப் பால் கொடுத்தாள், ஈரத் தலையோடு படுக்க வைத்தாள். வீட்டு ஆண் மீது தோஷம் ஏறியதாக நான் கேட்டதே இல்லை.

ஊர் என்று நான் சொல்வது கண்ணமங்கலம். வேலூருக்கும் ஆரணிக்கும் நடுவே, பழைய வட ஆற்காட்டில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. ஆரணிப் பட்டு என்று கடைகளில் விற்கும் சேலைகளில் ஒரு பங்கு இந்தச் சுற்றுவட்டாரத் தறிகளில் பிறக்கிறது. குழந்தைக்கு ஏதாவது என்றால் கணியம்பாடி வழியாக வேலூருக்குப் பேருந்து ஏறுவதுதான் தலைமுறை தலைமுறையாக எங்கள் வழக்கம். அந்தப் பேருந்தில் துணியில் சுற்றிய குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் பெண், நோயை மட்டும் சுமந்து போவதில்லை. அது யாரால் வந்தது என்ற கேள்வியையும் சுமந்துதான் போகிறாள்.

அந்தக் கேள்விக்கு அறிவியல் கண்டுபிடித்த விடையைப் பற்றியது இந்தக் கட்டுரை. அந்த விடையைத் தேடியவர்களில் பெரும் பங்கு பெண்கள் என்பது நம் பாடப்புத்தகங்களில் இல்லை. நான் தமிழ் இலக்கியம் கற்பிப்பவள், மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் ஒரு நோயின் வரலாற்றில் யார் மீது பழி எழுதப்பட்டது, யார் பெயர் எழுதாமல் விடப்பட்டது என்று பார்ப்பது பெண்ணிய வாசிப்பின் வேலைதான்.

ஒரு பெயர், இரண்டு நோய்

மூளைக்காய்ச்சல் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் குறைந்தது இரண்டு நோய்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, கொசு கடித்துப் பரவும் வைரஸ் நோய். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனப்படும் அது இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது எங்கள் வட ஆற்காட்டில்தான். 1955இல் வேலூரில் குழந்தைகளிடம் கண்ட அந்த நோயை வெப், பெரேரா என்ற மருத்துவர்கள் அடுத்த ஆண்டு கட்டுரையாக எழுதினார்கள். அது மூளையையே தாக்குவது.

மற்றது பாக்டீரியாவால் வருவது. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி மெல்லிய உறைகள் இருக்கின்றன. அந்த உறைகளுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிப்பதுதான் பாக்டீரியா மூளையுறைக் காய்ச்சல். மருத்துவர்கள் மெனிஞ்சைட்டிஸ் என்பார்கள். முதல் நோய்க்கு நேரடி மருந்து இல்லை. இரண்டாவதற்கு மருந்து உண்டு, ஆனால் மணிக்கணக்கில் ஓடிப் போய்ப் பிடிக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதில், “மூளைக்காய்ச்சல்னா ஒண்ணும் பண்ண முடியாதாம்” என்ற பேச்சு இரண்டாவது நோய்க்கும் ஒட்டிக்கொள்கிறது. அதில் இழப்பது நேரத்தை.

பிறந்த குழந்தைக்கு மேல் வயதுள்ளவர்களுக்கு இதைக் கொண்டுவரும் முக்கியக் கிருமிகள் மூன்று: நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி. கடைசியதைச் சுருக்கி ஹிப் என்பார்கள். பிறந்து ஒரு மாதத்திற்குள் வருவது பெரும்பாலும் வேறு கிருமிகளால். காசநோய்க் கிருமியும் மூளையுறையைத் தாக்கும். அது நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெதுவாக வரும். பிறந்தவுடன் போடும் பிசிஜி ஊசி முக்கியமாகக் குழந்தைகளை அதிலிருந்து காக்கத்தான்.

முதலில் சொன்ன மூன்று கிருமிகளும் மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் குடியிருப்பவை. சுமப்பவருக்கு ஒன்றும் செய்யாமலே பல வாரம் இருந்துவிடும். இருமலில், தும்மலில், எச்சிலில் அடுத்தவருக்குப் போகும். பெரும்பாலும் அங்கேயும் சும்மா இருக்கும். எப்போதாவது, குறிப்பாகச் சின்னக் குழந்தையிடம், ரத்தத்துக்குள் இறங்கி மூளையுறையை எட்டிவிடும். நெசவாளர் வீட்டில் குழித்தறி கூடத்தின் பாதியை எடுத்துக்கொள்ளும். மீதியில்தான் சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம். தறிக்கு மேலே விட்டத்தில் தூளி. தார் சுற்றும் பெண் ஒரு கையால் ராட்டையையும் மறு கையால் தூளியையும் ஆட்டுகிறாள். பள்ளிக்கூடம் போய் வரும் அண்ணன் சளியோடு வந்து தங்கையைக் கொஞ்சுகிறான். அடுப்புப் புகையும் பீடிப் புகையும் போக ஜன்னல் போதாது. நெருக்கம், புகை, காற்றோட்டக் குறைவு ஆகியவைதான் இந்த நோய்க்கு வழிவிடுபவை. இவை கூலியும் வாடகையும் சேர்ந்து உண்டாக்குபவை. தீட்டுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அடையாளங்களை ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் கடும் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, வாந்தி, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், தாடையை மார்பில் தொட முடியாதபடி கழுத்து விறைத்தல், பேச்சுக் குழறல், மயக்கம். கைக்குழந்தை இவற்றைச் சொல்ல முடியாது. அது பால் குடிக்க மறுக்கும், தூக்கினால் இன்னும் வீறிட்டு அழும், அல்லது அழக்கூட இல்லாமல் துவண்டு கிடக்கும். உச்சிக்குழி மேலே புடைத்து நிற்கும். வலிப்பு வரும். காய்ச்சலே இல்லாமல் உடம்பு சில்லிட்டும் போகலாம். மெனிங்கோகாக்கஸ் என்றால் தோலில் அழுத்தினாலும் மறையாத செந்நிற, ஊதாப் புள்ளிகள் தோன்றலாம். இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

முதுகில் எடுக்கும் நீர்

மருத்துவமனையில் முதலில் கேட்பது முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து கொஞ்சம் நீர். தண்டுவடம் முடிந்த இடத்திற்குக் கீழே ஊசி விட்டு எடுக்கும் இந்த முறையை ஜெர்மனியின் குவிங்கே 1891இல் விவரித்தார். அந்த நீர் தெளிவாக இருக்கிறதா கலங்கியிருக்கிறதா, அதில் எத்தனை வெள்ளணுக்கள், சர்க்கரை குறைந்திருக்கிறதா, கிருமி வளர்கிறதா என்று பார்த்துத்தான் எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை உறுதி செய்கிறார்கள். அதற்குள் ரத்தநாளம் வழியாக ஆன்டிபயாடிக் தொடங்கிவிடும். இன்று பெரும்பாலும் செஃப்ட்ரையாக்சோன் வகை மருந்து, ஒன்று முதல் இரண்டு வாரம், பச்சிளம் குழந்தைக்கு மூன்று வாரம் வரை. ஹிப் கிருமி என்றால் தொடக்கத்திலேயே டெக்சாமெத்தசோன் சேர்ப்பது காது கேளாமல் போவதைக் குறைக்கும்.

முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்ற பயம் எங்கள் பக்கம் ஆழமாக இருக்கிறது. கால் போனால் அது நோயின் வேலை, ஊசியின் வேலை இல்லை என்று மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருக்கிறார்கள். ஆனால் நான் கவனித்தது வேறொன்று. உறவினர் குழந்தைக்காக ஒரு மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்த இரவில், மூன்று தாய்மார்களிடம் கையெழுத்து கேட்கப்பட்டது. மூன்று பேரும் சொன்ன பதில் ஒன்றுதான்: “அவரு வரட்டுங்க.” ஒருத்தியின் கணவர் பெங்களூரில் வேலையில் இருந்தார், மாமியார் போனில் வேண்டாம் என்று அழுதார். குழந்தையின் உச்சிக்குழி புடைத்ததை முதலில் பார்த்தவள் அந்தத் தாய். அவள் கையெழுத்து சட்டப்படி செல்லும். இருந்தும் தன் சொல் எடுபடும் என்ற எண்ணம் அவளிடம் இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் பழி தன் தலையில் விழும் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. இந்த நோயில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. நம் வீடுகளில் பெண்ணுக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லாதது இங்கே நேரடியாகக் குழந்தையின் மூளையில் போய் விடிகிறது.

சோதனைக்கூடத்துப் பெண்கள்

கிருமியைத் தேடிய கதைக்கு வருகிறேன். 1805இல் ஜெனீவாவில் பரவிய கொள்ளைநோயாக இது மருத்துவ ஏட்டில் பதிவானது. 1887இல் வியன்னாவில் வைக்செல்பாம் மெனிங்கோகாக்கஸைக் கண்டார். 1892இல் ஃபைஃபர், விஷக்காய்ச்சல் நோயாளிகளிடம் ஒரு கிருமியைக் கண்டு அதுவே அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் என்று தவறாக நினைத்தார். ஹீமோபிலஸுக்கு இன்ஃப்ளுயன்சா என்ற பெயர் அந்தத் தவறின் மிச்சம். இவையெல்லாம் ஆண்களின் பெயர்கள், எந்த நூலிலும் கிடைக்கும். இதற்குப் பின் வரும் அரை நூற்றாண்டு வேறு மாதிரி.

சாரா பிரான்ஹம் 1888இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். பெண்ணுக்குப் பொருத்தமானது என்று சொல்லப்பட்ட பள்ளி ஆசிரியை வேலையைப் பத்து ஆண்டு பார்த்தார். முதல் உலகப் போருக்கு ஆண்கள் போனதால் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பாக்டீரியாவியல் கற்பிக்க ஆள் இல்லாமல் போனது. அந்த இடைவெளி வழியாகத்தான் அவர் துறைக்குள் நுழைந்தார். 1928இல் அரசு ஆய்வகத்தில் சேர்ந்து மெனிங்கோகாக்கஸைத் தன் வாழ்நாள் பொருளாக்கிக்கொண்டார். அன்று கையிலிருந்த குதிரைச் சீரம் புதிதாகப் பரவிய கிருமி வகையிடம் பலிக்கவில்லை. சல்ஃபா மருந்து இந்தக் கிருமியைக் கொல்லும் என்று 1937இல் காட்டியவர்களில் அவர் முதன்மையானவர்.

மார்கரெட் பிட்மன் 1901இல் பிறந்தவர், ஆர்கன்சாஸ் கிராமத்து மருத்துவரின் மகள். ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் இருந்தபோது 1931இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஹீமோபிலஸ் கிருமியைப் பிரித்துக் காட்டியது. சிலவற்றிற்குச் சர்க்கரைப் பொருளாலான உறை உண்டு, சிலவற்றிற்கு இல்லை. உறையுள்ளவை ஆறு வகை. குழந்தைகளின் தண்டுவட நீரிலிருந்து வந்தவை பெரும்பாலும் ‘பி’ வகை. ஹிப் என்பதில் இருக்கும் ‘பி’ அவர் வைத்த எழுத்து. பின்னர் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஓர் ஆய்வகத்திற்குத் தலைமை ஏற்ற முதல் பெண்ணும் அவரே.

அதே 1901இல் பிறந்த ஹாட்டி அலெக்சாண்டர் குழந்தை மருத்துவர். நியூயார்க்கில் அவருடைய வார்டுக்கு ஹிப் மூளையுறைக் காய்ச்சலோடு வந்த குழந்தைகள் ஏறக்குறைய எல்லோருமே இறந்துகொண்டிருந்தார்கள். வேதியியலாளர் ஹைடல்பெர்கருடன் சேர்ந்து, குதிரைக்குப் பதில் முயலிலிருந்து எடுத்த சீரத்தை உருவாக்கி 1939இல் குழந்தைகள் பிழைத்ததை அறிவித்தார். சல்ஃபா மருந்தும் சேர்ந்தபோது சில ஆண்டுகளில் சாவு ஏறக்குறைய நான்கில் ஒன்றாக இறங்கியது. ஆன்டிபயாடிக் வந்த புதிதிலேயே கிருமிகள் அதை எதிர்க்கப் பழகுவதைக் கவனித்து, அது மரபணு மாற்றத்தால் வருவது என்று சொன்னார். கிரேஸ் லீடி என்ற சக ஆய்வாளருடன் அந்தக் கிருமியின் டிஎன்ஏவைப் பற்றி ஆராய்ந்தார். 1964இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் தலைவரானார். அந்தப் பொறுப்பில் அவர்தான் முதல் பெண்.

ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் 1930களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை எழுத்து வாரியாகப் பிரித்தார். பிறந்த குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் கிருமிகளில் ஒன்றை இன்றும் ‘பி’ பிரிவு என்று அவர் வைத்த பெயரால்தான் அழைக்கிறோம்.

மருந்து வந்த பிறகு தடுப்பூசி. கிருமியின் சர்க்கரை உறையை மட்டும் எடுத்து ஊசி போட்டால் பெரியவர்களுக்கு எதிர்ப்பு வந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடல் அதை அடையாளம் காணவில்லை. நோயோ அவர்களுக்குத்தான் அதிகம். அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுத்தால் குழந்தையின் உடலும் பாடம் கற்றுக்கொள்ளும் என்பதுதான் தீர்வு. இதைச் செய்த இரண்டு குழுக்களில் ஒன்று ஜான் ராபின்சும் ரேச்சல் ஷ்னீர்சனும். வார்சாவில் பிறந்து இஸ்ரேலில் வளர்ந்த ஷ்னீர்சன் முதன்மை ஆசிரியராக 1980இல் வந்தது அந்தக் கட்டுரை. 1996இல் லாஸ்கர் விருது இரு குழுக்களின் நால்வருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

இந்தப் பெண்கள் எல்லோரும் வெள்ளையர்கள், கல்வி வாய்ப்புப் பெற்றவர்கள் என்பதை மறக்கவில்லை. பெண் என்பதால் அவர்கள் மென்மையான அறிவியல் செய்தார்கள் என்றும் சொல்ல வரவில்லை. குழந்தை நோய், பால், தண்ணீர், கிருமி என்று ஆண்கள் கௌரவக் குறைவாக நினைத்து விட்டுவைத்த மூலைகளில்தான் அன்று பெண்களுக்கு இடம் கிடைத்தது. அந்த மூலையிலிருந்துதான் இந்த வரலாறு திரும்பியது.

வேலூரில் எண்ணியவர்கள்

வேலூர் மருத்துவமனையின் தொடக்கக் கதை பலருக்குத் தெரியும். ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர், ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்பதால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மருத்துவம் படிக்கப் போனார். 1900இல் திரும்பினார். 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். 1947இல்தான் அங்கே ஆண் மாணவர்கள் சேர்க்கப்பட்டார்கள். அதற்குப் பின் அங்கே என்ன நடந்தது என்பதில் எனக்கு அக்கறை அதிகம்.

1990களில் பணக்கார நாடுகளில் ஹிப் தடுப்பூசி வந்து அந்த நோய் ஏறக்குறைய மறைந்துகொண்டிருந்தது. இந்தியாவில் ஹிப் அவ்வளவாக இல்லை, விலை உயர்ந்த ஊசி நமக்கெதற்கு என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் கையில் இருந்த ஆதாரம், நம் சோதனைக்கூடங்களில் அந்தக் கிருமி அபூர்வமாகவே வளர்ந்தது என்பது. அது ஏன் வளரவில்லை? ஹிப் செல்லம் கொண்டாடும் கிருமி. சூடாக்கிய ரத்தம் கலந்த, நிறத்தால் சாக்லேட் அகார் எனப்படும் ஊடகத்தில்தான் ஒழுங்காக வளரும். தண்டுவட நீரைத் தாமதமாக அனுப்பினால் செத்துவிடும். தெருமுனை மருந்துக்கடையில் வாங்கிய இரண்டு வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தாலும் வளராது. எல்லாத் தாயும் முதலில் போவது அந்தக் கடைக்குத்தான்.

1993 முதல் 1997 வரை வேலூர் உட்பட இந்தியாவின் ஆறு மருத்துவமனைகள் ஒரே முறையில் தேடின. சந்தேகத்திற்குரிய 5,798 நோயாளிகளில் 125 பேரிடம் ஹீமோபிலஸ் கிடைத்தது. அதில் 97 சதவீதம் ‘பி’ வகை. 108 பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஆனால் மருத்துவமனைக்கு வந்தவர்களைக் கொண்டு ஊரில் எத்தனை பேருக்கு வருகிறது என்று சொல்ல முடியாது. அதை எண்ணியது 1997 முதல் 1999 வரை வேலூர்ப் பகுதியில் நடந்த இரண்டாண்டு ஆய்வு. 2008இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் முதல் பெயர் சமூக மருத்துவத் துறையின் சாந்திதானி மின்ஸ். நுண்ணுயிரியல் துறையின் எம்.கே. லலிதாவும் ஆசிரியர்களில் ஒருவர். கிருமி செத்திருந்தாலும் அதன் உறையை அடையாளம் காட்டும் லேடெக்ஸ் சோதனையையும் சேர்த்துச் செய்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு 7.1 பேருக்கு உறுதியான ஹிப் மூளையுறைக் காய்ச்சல். ஒரு வயது நிறையாத குழந்தைகளை மட்டும் எடுத்தால் லட்சத்திற்கு 32.

சிறிய எண்களாகத் தோன்றலாம். உறுதிப்பட்டவை மட்டுமே இவை, உண்மையான அளவு இதைவிடக் கூடுதல். இந்த எண்களை வாசித்தபோது எனக்கு நெசவுத்தொழில் நினைவுக்கு வந்தது. தார் சுற்றுகிறவள், பாவுக்கு இழை எடுக்கிறவள் எல்லாம் முதலாளியின் நோட்டில் கிடையாது. சேலை கணவர் பெயரில் போகிறது, கூலி கணவர் பெயரில் வருகிறது. எழுதாததால் வேலையே செய்யவில்லை என்றாகிவிடுகிறது. ஹிப் கிருமிக்கும் நடந்தது இதுதான். எண்ணத் தெரிந்தவர்கள் எண்ணிய பிறகுதான் இறந்த குழந்தைகள் கணக்கில் வந்தார்கள்.

புதன்கிழமை

2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும் இந்தியாவிலேயே முதலாவதாக பென்டாவேலன்ட் தடுப்பூசியை அரசுத் திட்டத்தில் சேர்த்தன. தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் ஆகிய ஐந்துக்கும் ஒரே குப்பி. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் இடது தொடையில் போடுகிறார்கள். அந்தக் குப்பிக்குள் பிட்மனும் ஷ்னீர்சனும் மட்டும் இல்லை. கக்குவான் மருந்தை 1930களில் மிச்சிகனில், பகல் வேலை முடிந்து வீடு வீடாகப் போய் இருமும் குழந்தைகளிடம் மாதிரி எடுத்து உருவாக்கிய பேர்ல் கென்ட்ரிக்கும் கிரேஸ் எல்டரிங்கும் இருக்கிறார்கள். அதன் வீரியத்தைத் தரப்படுத்தியதும் அதே பிட்மன்தான்.

எளிதாக வந்துவிடவில்லை. இந்த ஊசி தேவையா, பாதுகாப்பானதா என்று தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. கேள்வி கேட்பது குற்றமில்லை. பொதுச் சுகாதாரம் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். தாய்மார்களின் பயத்தை அறியாமை என்று ஒதுக்குபவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமத்துக்கே வந்து ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தாய்மார்கள் வர வேண்டியதாயிற்று. ஒரு புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் அன்றைய தறி வேலை போச்சு. இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் “நல்லா இருந்த பிள்ளைய எதுக்குக் கூட்டிட்டுப் போன” என்ற ஏச்சு. தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் முழுமையாகத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 2005-06இல் 80.9 சதவீதம், 2015-16இல் 69.7 சதவீதம். 2019-21 ஆய்வில் 89.2 சதவீதமாக ஏறியது.

அந்த ஏற்றத்தின் பெரும்பகுதியைத் தூக்கியவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர்கள். எல்லோரும் பெண்கள். குளிர்பெட்டியைத் தோளில் மாட்டி, எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்கு எந்தத் தவணை பாக்கி என்று பதிவேட்டில் குறித்து, தாய் வீட்டுக்குப் போன பெண்ணைப் போனில் தேடிப் பிடிப்பவர்கள். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் ஒரு தவணைப் பணம் மூன்றாவது பென்டா ஊசிக்குப் பிறகுதான் என்று விதி இருந்தது. மாமியாரோடு வாதாட அந்த விதி பல பெண்களுக்குக் கைகொடுத்ததை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

2021இல் நிமோகாக்கஸ் ஊசியும் தமிழ்நாட்டில் சேர்ந்தது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று தவணை. மெனிங்கோகாக்கஸ் ஊசி எல்லோருக்கும் போடும் பட்டியலில் இல்லை. ஹஜ் போகிறவர்களுக்குக் கட்டாயம். இந்த நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு, கிருமி ஹிப்போ மெனிங்கோகாக்கஸோ என்றால், தடுப்பு மாத்திரை தேவைப்படலாம். அதை மருத்துவரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

பிழைத்த பிறகு

பாக்டீரியா மூளையுறைக் காய்ச்சல் கண்டவர்களில் ஆறு பேரில் ஒருவர் இறக்கிறார், ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவுகள் தங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். காது கேளாமை, வலிப்பு, கை கால் செயலிழப்பு, கற்றல் குறைபாடு. என் பெரியம்மா மகள் ஒருத்திக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போனது. பேச்சும் வரவில்லை. பையன் என்றால் வேலூர், சென்னை என்று அலைந்திருப்பார்களோ என்று அவளுடைய அம்மாவே பின்னாளில் சொல்வார். அவள் முப்பது ஆண்டு தார் சுற்றினாள். இழை அறுந்தால் விரலாலேயே தெரிந்துகொள்வாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தோஷக் கதையும் கூடவே வந்து கெடுத்தது. பெரியம்மா இறக்கும் வரை, தன் மகள் காது போனதற்குத் தான்தான் காரணம் என்று நம்பினார். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்ததுதான் தப்பாம்.

இதற்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் சொல்லக்கூடியவை சில உண்டு. மூளையுறைக் காய்ச்சலிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவித்திறன் சோதனை செய்தாக வேண்டும். இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள். குறை தெரிந்தால் காக்ளியர் கருவி பொருத்துவதைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த நோயில் உள்காது எலும்பாக இறுகிவிட்டால் கருவியைப் பொருத்துவது கடினமாகிவிடும். தமிழ்நாட்டில் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த அறுவைச் சிகிச்சைக்கு வழி உண்டு. பெண் குழந்தை என்பதற்காக ஒத்திப்போடும் வீட்டில், அந்தக் குழந்தைக்காக வாய் திறக்க இன்னொரு பெண் வேண்டும். அத்தையோ, ஆசிரியையோ, பக்கத்து வீட்டு அக்காவோ.

என் மாணவிகளில் பலர் படிப்பு முடித்த ஓரிரு ஆண்டில் தாய்மார்கள் ஆகிறார்கள். அவர்களிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். தாய் சேய் நல அட்டையை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் உள்ள ஊசிகளின் பெயர்களைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வீட்டில் யாராவது ஒரு பெண்ணின் நிழலைக் காரணம் காட்டினால், அது மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் கிருமி, அதைக் கண்டுபிடித்து வகை பிரித்தவர்களும் பெண்கள் என்று சொல்லிவிட்டு, வேலூர்ப் பேருந்தில் அந்தத் தாயோடு நீங்களும் ஏறுங்கள்.